செய்மதிப் படத்தில் முருகைக்கல்லும் கடற்புல்லும்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவ ஆய்வாளர்களின் கேள்விகள்

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குத் தொலையுணர்வு முறையில், அதாவது செய்மதிப் படங்களைக் கொண்டு, கடலடியைக் கண்காணிக்கும் தலைப்பை எடுத்தவுடன் ஏறத்தாழ ஒரே ஐயங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் உள்ள கேள்விகள் புதிதாகத் தொடங்குவோருக்கானவை. பின்னால் உள்ளவை ஆய்வேட்டை எழுதும்போது எழுபவை.

பாசிக்குடாவில் இறங்கி நின்றாலே கல் தெரிகிறது. அதைப் பார்க்கச் செய்மதி எதற்கு?

கண்ணுக்குத் தெரிவது நாம் நிற்கும் இடத்தைச் சுற்றிய சில மீற்றர் மட்டுமே. கல்குடாவிலிருந்து காயான்கேணி, பனிச்சங்கேணி, வாகரை வரையான கரையோரத்தில் எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் புல், எந்த இடத்தில் வெறும் மணல் என்று ஒரே நாளில் ஒரே அளவுகோலில் சொல்ல ஒரு மாணவரால் இயலாது. செய்மதி அதைச் சொல்ல உதவும். சில நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் வந்து அதே இடத்தைப் படம் எடுக்கும். பழைய படங்களும் சேமிப்பில் இருக்கும்.

ஆனால் அது பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இரண்டே: எங்கே இருக்கிறது, எவ்வளவு பரப்பில் இருக்கிறது. எந்த இனம், எத்தனை மீன், கல்லுக்கு நோய் இருக்கிறதா என்பவற்றுக்கு நீருக்குள் இறங்கத்தான் வேண்டும். ஆய்வின் நோக்கத்தை எழுதும்போதே இந்த எல்லையை வகுத்துக்கொண்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது.

செய்மதி உண்மையிலேயே கடலடியைப் பார்க்கிறதா?

அது பார்ப்பது ஒளியை. சூரிய ஒளி நீருக்குள் இறங்கி, அடியில் பட்டுத் தெறித்து, மீண்டும் நீரைக் கடந்து, பிறகு வளிமண்டலத்தையும் கடந்து உணரியை அடைகிறது. வழியில் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் உறிஞ்சப்படுகிறது. அகச்சிவப்பு மேற்பரப்பிலேயே முடிந்துவிடும். சிவப்பு, தூய நீரிலேகூட, 5 மீற்றர் ஆழத்துக்குச் சென்று திரும்பும்போது நூற்றில் ஓரிரு பங்கே மிஞ்சும். நீலமும் பச்சையும்தான் ஆழத்திலிருந்து செய்தி கொண்டுவருபவை. கலங்கல் கூடிய நீரில் நீலமும் குன்றிவிடும். பச்சையே கடைசித் துணை.

கடலுக்கு மேலே உணரி பதியும் ஒளியின் பெரும்பகுதி வளிமண்டலம் சிதறடித்தது. கடலடியைத் தொட்டு வந்தது மிகச் சிறிய பகுதி. ஆகவே திரையில் கரும்பச்சையாகத் தெரியும் ஒரு திட்டைக் கல் என்றோ புல் என்றோ சொல்வது எப்போதும் நம்முடைய முடிவு. செய்மதி தருவது நிறத்தை மட்டுமே. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

எந்தப் படத்தை எடுப்பது? பணம் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்புப் பட்டைகள் 10 மீற்றர் பிரிதிறன் கொண்டவை, அதாவது படத்தின் ஒரு பிக்சல் (ஒரு சிறு கட்டம்) கடலில் 10 மீற்றருக்கு 10 மீற்றர் இடத்தைக் காட்டும். 2017இல் இரண்டாவது செய்மதி சேர்ந்த பிறகு 5 நாளுக்கு ஒரு படம் வருகிறது. அமெரிக்காவின் லாண்ட்சாட் படங்கள் 30 மீற்றர் பிரிதிறன் உடையவை என்றாலும் பழைய காலத்துக்கு அவையே வழி. படங்களைக் கையாள உதவும் கியூஜிஐஎஸ், ஸ்னாப், கூகுள் ஏர்த் என்ஜின் ஆகிய மூன்றும் மாணவ ஆய்வுக்குக் கட்டணமின்றிக் கிடைப்பவை.

சென்டினலில் ஏற்கெனவே வளிமண்டலத் திருத்தம் (வளிமண்டலம் சேர்த்த ஒளியைக் கழித்தல்) செய்யப்பட்ட படங்கள் இருக்கின்றன என்று அவற்றையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தத் திருத்தம் நிலப்பரப்பை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. கடலுக்குத் திருத்தப்படாத முதல்நிலைப் படத்தை இறக்கி, அகோலைட் போன்ற நீர்ப்பரப்புக்கான மென்பொருளால் நீங்களே திருத்துவதுதான் நல்லது. மணிக்கணக்கில் கணினி ஓடும். அந்த நேரத்தைச் செலவிடத் தயங்காதீர்கள்.

எந்த மாதப் படம் நல்லது?

வாடைக்காற்றுக் காலத்தை விட்டுவிடுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழையும் ஆற்றுநீரும் கரையோரக் கடலைக் கலக்கிவிடுகின்றன. முகில் இல்லாத படமும் அரிது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையும் குறைவு.

ஆனால் தெளிந்த நீரின் காலமே சூரிய மினுக்கத்தின் காலமும்கூட. சென்டினல்-2 நமது கரையை முற்பகல் பத்தரை மணியளவில் கடக்கிறது. அந்த நேரத்தில் டிசம்பரில் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 38 பாகை சாய்ந்து நிற்கும். ஏப்ரலில் 22 பாகையளவே சாய்ந்திருக்கும். சூரியன் உச்சியை நெருங்க நெருங்க அலைகளின் முகப்பில் பட்ட ஒளி நேராக உணரியை நோக்கித் தெறித்து, கடல் முழுவதும் வெள்ளிப்பூச்சு ஏறியதுபோல் ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு நல்ல படத்தைத் தேடி அலையாமல், தெளிந்த காலத்தின் பல படங்களை இறக்கி ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்.

மினுக்கத்தை ஓரளவு நீக்கவும் முடியும். ஆழ்கடலுக்கு மேலே அகச்சிவப்புப் பட்டை ஏறத்தாழச் சுழியமாக இருக்க வேண்டும். அங்கே காணப்படும் மிகுதி மினுக்கத்தால் வந்தது. அந்த மிகுதிக்கு ஏற்ற விகிதத்தில் நீலம், பச்சை, சிவப்புப் பட்டைகளிலிருந்து கழிக்கலாம். முழங்கால் அளவு நீரில் கல் தலைகாட்டும் இடங்களில் மட்டும் கவனம் தேவை: அங்கே அகச்சிவப்பு உண்மையாகவே இருக்கும், அதையும் மினுக்கம் என்று கழித்தால் கல் கறுத்துப் போகும்.

வயலுக்குப் போடுகிற என்.டி.வி.ஐ.யைக் கடற்புல்லுக்கும் போடலாமா, சேர்?

போடக்கூடாது. தாவரங்களின் பசுமையைக் காட்டும் அந்தக் குறியீடு அகச்சிவப்பையும் சிவப்பையும் ஒப்பிட்டுச் செய்யப்படுவது. நெல்லின் மேலே காற்று இருக்கிறது. புல்லின் மேலே நீர் இருக்கிறது. இரண்டாம் பதிலில் சொன்னபடி அகச்சிவப்பு நீரில் தப்பாது. எனவே கிடைக்கும் எண் புல்லைப் பற்றியதாக இராது.

வாவிக்குள் இன்னொரு பொறி உண்டு. ஆற்றுவாழையும் சல்வீனியாவும் நீரின்மேல் மிதப்பதால் அவற்றுக்கு அந்தக் குறியீடு மிக உயர்ந்து வரும். அதைப் பார்த்து அடர்ந்த கடற்புல் என்று எழுதிய வரைபடங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. மிதக்கும் களைகளை முதலில் பிரித்து மறைப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

ஆழம் கூடக்கூட எல்லாமே கறுப்பாகத் தெரிகிறது. கல்லையும் ஆழத்தையும் எப்படிப் பிரிப்பது?

இந்தச் சிக்கலுக்கு டேவிட் லைசெங்கா 1978இல் ஒரு வழி காட்டினார். இன்றும் மாணவ ஆய்வுகளுக்கு அதுவே நல்ல தொடக்கம். ஒரே வகை அடித்தளம், பெரும்பாலும் மணல், ஆழம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடம் வரை எங்கெங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் மாதிரிகளை எடுத்து, நீல, பச்சைப் பட்டைகளின் மடக்கை மதிப்புகளை ஒன்றுக்கெதிராக ஒன்றாக வரைந்தால் அவை ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சரிவு, இந்த நீரில் இரண்டு நிறங்களும் எந்த விகிதத்தில் குன்றுகின்றன என்பதைச் சொல்லும். அதை வைத்து ஆழத்தின் பங்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அடித்தளத்தின் தன்மைக்கு நெருங்கிய ஒரு சுட்டெண்.

படம் முழுவதும் நீரின் தெளிவு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது இதன் எடுகோள். பாசிக்குடா விரிகுடாவுக்குள் ஓர் அமைதியான நாளில் அது பொருந்தக்கூடும். வாழைச்சேனை வாவியின் வாயிலிருந்து வரும் கலங்கல் நீர் படத்தின் ஒரு மூலையை எட்டியிருந்தால் பொருந்தாது. அப்படியானால் அந்த மூலையை வெட்டிவிடுங்கள். வெட்டியதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கும் இதே முறை சரிவருமா?

பெரும்பாலும் வராது. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது; வயல்களிலிருந்து வடியும் நீரும் வண்டலும் நுண்பாசியும் சேர்ந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நிறத்தைக் கொடுக்கின்றன. பாலமீன்மடுப் பக்க முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல்மேடு அடைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து நீர்மட்டமும் உப்புத்தன்மையும் மாறும். திறந்த கடலில் இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அதைப் பெரிதாகக் கணக்கெடுக்காமல் விடலாம்; வாவிக்குள் அப்படி விட முடியாது.

வாவியில் கடற்புல்லைச் செய்ய விரும்புவோர் முகத்துவாரத்தை அண்டிய, ஆழம் குறைந்த, தெளிவான ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரம் வெட்டப்பட்ட நாள்களை மீனவர்களிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, படங்களின் திகதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகவல் எந்தச் செய்மதியிலும் கிடைக்காது.

எனக்கு நீந்தத் தெரியாது. கள ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், தனியாகச் செய்யக்கூடாது. இடுப்பளவு நீரில் உயிர்காப்பு அங்கியுடன், முகக்கண்ணாடி அணிந்து, 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டத்தை அடியில் வைத்துப் படம் எடுப்பதற்கு நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை. கடற்புல்லுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் சீகிராஸ் வாட்ச் முறை எளிமையானது: 50 மீற்றர் நீளக் கோடுகள் மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீற்றர் இடைவெளியில், ஒவ்வொரு கோட்டிலும் 5 மீற்றருக்கு ஒரு சட்டம். ஆழமான இடங்களுக்குப் படகிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கும் நீர்புகாக் கமரா போதும். பாசிக்குடாவில் கண்ணாடி அடித்தளப் படகுகள் ஓடுகின்றன. முதற்பார்வைக்கு அவை பயன்படும்.

படகோட்டும் மீனவரை வெறும் கூலிக்கு வந்தவராக நடத்தாதீர்கள். எந்தக் கல் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் வலை சிக்கும், முன்பு புல் நின்ற இடம் எது என்பதை அவர் அறிவார். அவர் சொன்னதைத் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் மட்டுமன்றித் தரவுப் பகுதியிலும் அதற்கு இடம் கொடுங்கள்.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

காயான்கேணிக் கடற்பகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஆய்வு செய்ய வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. ட்ரோன் பறக்கவிடுவதாயின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் விதிகளும் உண்டு. எந்த இடமாயினும், முருகைக்கல்லை உடைத்து மாதிரி எடுக்கக்கூடாது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது அது. இந்த ஆய்வுக்கு ஒரு துண்டுக் கல்கூடத் தேவையில்லை. அனுமதிக் கடிதங்கள் நகரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் தலைப்பு உறுதியான அன்றே எழுதத் தொடங்குங்கள்.

நான் புல் என்று குறித்த புள்ளி படத்தில் மணலில் விழுகிறது. எது பிழை?

முதலில் ஆள்கூற்று முறையைப் பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள் இலங்கைக்குரிய எஸ்.எல்.டி.99 முறையில் இருக்கும். சென்டினல் படங்கள் யூ.டி.எம். 44 வடக்கில் இருக்கும். இரண்டையும் கலந்தால் எல்லாமே இடம்மாறும்.

அது சரியாக இருந்தும் சிறிய விலகல் இருந்தால் அது இயல்பு. கைபேசி அல்லது கையடக்க ஜி.பி.எஸ். சில மீற்றர் பிசகும். படமும் சில மீற்றர் பிசகும். ஒரு பிக்சல் 100 சதுர மீற்றர். உங்கள் சட்டம் கால் சதுர மீற்றர். ஆகவே புள்ளிகளைத் திட்டுகளின் ஓரத்தில் எடுக்காமல், குறைந்தது 30 மீற்றருக்கு 30 மீற்றர் ஒரே தன்மையாக உள்ள இடத்தின் நடுவில் எடுக்க வேண்டும். அங்கே ஒரு சட்டத்துக்குப் பதிலாகப் பல சட்டங்களை வைத்துச் சராசரி காண வேண்டும். அவ்வளவு பெரிய திட்டுகள் உங்கள் இடத்தில் இல்லை என்றால் சென்டினல் அந்த இடத்துக்குப் பொருந்தாது. ட்ரோனைப் பற்றி யோசியுங்கள்.

உயிருள்ள கல்லையும் செத்த கல்லையும் பிரிக்கலாமா? வெளிறல் தெரியுமா?

10 மீற்றர் படத்தில் உயிருள்ளதையும் செத்ததையும் நம்பிக்கையோடு பிரிக்க முடியாது. முருகை உயிரியின் பழுப்பு நிறம் அதன் இழையத்துக்குள் வாழும் நுண்பாசியிலிருந்து வருகிறது. கல் செத்தால் சில வாரங்களுக்குள் அதன்மேல் வேறு பாசி படர்ந்துவிடும். இரண்டிலும் பச்சையம்; நான்கு அகன்ற பட்டைகளுக்கு இரண்டும் ஒன்றே. அதனால்தான் பல வரைபடங்களில் "முருகைக்கல் அல்லது பாசி" என்று ஒரே வகுப்பாக எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள், அது குறையன்று.

வெப்பம் மிகும்போது முருகை தன் நுண்பாசியை இழந்து வெளுப்பதே வெளிறல். வெளிறிய கல் மணலைப்போல வெண்மையாகத் தெரியும். ஒரே ஒரு படத்தை வைத்து அதை வெளிறல் என்று சொல்ல இயலாது. வெளிறலுக்கு முந்திய படத்தில் கருமையாக இருந்த பரந்த திட்டு, வெப்பம் உச்சத்தில் இருந்த வாரங்களில் வெண்மையாகி, பிறகு மீண்டும் கருமையாகியிருந்தால் அது வெளிறலாக இருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. மீண்டும் கருமையானது கல் உயிர்த்ததாலா, பாசி படர்ந்ததாலா என்பதை நீருக்குள் பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

அப்படியானால் கடல் வெப்பநிலைத் தரவை வைத்து வெளிறலைச் சொல்லலாமா?

அபாயத்தைச் சொல்லலாம், நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் நோவா நிறுவனம் 5 கிலோமீற்றர் கட்டங்களில் நாள்தோறும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையை வெளியிடுகிறது. ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதத்துக்குரிய நீண்டகாலச் சராசரியை 1 பாகை செல்சியசோ அதற்கு மேலோ தாண்டிய வெப்பத்தை, கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டினால் வருவது வெப்ப வாரக் கணக்கு. சராசரியை 1.5 பாகை தாண்டிய நிலை 4 வாரம் நீடித்தால் கணக்கு 6. நாலைத் தொட்டால் வெளிறல் எதிர்பார்க்கப்படும். எட்டைத் தொட்டால் கடும் வெளிறலும் இறப்பும் எதிர்பார்க்கப்படும். 1998, 2010, 2014 முதல் 2017 வரை, பிறகு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது என உலகளாவிய வெளிறல் நான்கு முறை பதிவாகியுள்ளது.

5 கிலோமீற்றர் கட்டத்துக்குள் பாசிக்குடா விரிகுடா ஒரு சிறு மூலை. ஆழம் குறைந்த உள்நீர் வெளிக்கடலைவிடப் பகலில் கூடச் சூடேறும். முடியுமானால் ஒரு சிறிய வெப்பப்பதிவுக் கருவியை அடியில் கட்டிவிட்டு ஒப்பிடுங்கள். நமது கரையில் மாணவர் ஒருவரால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் அதுவும் ஒன்று.

துல்லியம் 92 வீதம் வந்தது. பரீட்சகர் ஏன் நம்பவில்லை?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். புல், கல், மணல் எவை என்று கணினிக்குக் கற்பிக்கப் பயிற்சிக்கு எடுத்த அதே திட்டுகளுக்குள் இருந்தே சரிபார்ப்புப் பிக்சல்களையும் எடுத்திருந்தால், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதால், எண் தானாகவே உயரும். சரிபார்ப்புக்கு வேறு திட்டுகள் வேண்டும். வேறு நாளில் சேகரித்தவையாயின் இன்னும் நல்லது.

இரண்டாவது, மொத்தத் துல்லியம் மட்டும் போதாது. 100 புள்ளிகளில் 70 மணல் என்றால், எல்லாவற்றையும் மணல் என்று சொல்லும் வரைபடத்துக்கும் 70 வீதம் கிடைக்கும். புல்லுக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு என்று, எந்த வகுப்பு எதுவாகத் தவறியது என்பதைக் காட்டும் பிழை அட்டவணையை முழுமையாகக் கொடுங்கள். புல்லும் பாசி படர்ந்த கல்லும் ஒன்றோடொன்று குழம்பியிருப்பது அங்கே தெரியவரும். பரீட்சகர் தேடுவதும் அதைத்தான்.

2017, 2024 படங்களை ஒப்பிட்டு, கடற்புல் 12 வீதம் குறைந்தது என்று எழுதலாமா?

இரண்டு வரைபடங்களும் தனித்தனியே 85 வீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், இரண்டிலும் சரியாக உள்ள பிக்சல்கள் 72 வீதம் மட்டுமே. அந்த நிலையில் 12 வீத மாற்றம் கடலில் நிகழ்ந்ததா, கணக்கில் நிகழ்ந்ததா என்று சொல்ல வழியில்லை. பரப்பளவை நம்பிக்கை எல்லைகளோடு, அதாவது உண்மையான அளவு எதற்கும் எதற்கும் இடையில் இருக்கக்கூடும் என்பதோடு, எழுதுங்கள். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மாற்றம் நிறுவப்படவில்லை என்றே எழுதுங்கள்.

சென்டினல் பயனர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களின் எண்களில் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால் கடல் முழுவதும் திடீரென்று வெளுத்ததுபோல் தெரியும். கூகுள் ஏர்த் என்ஜினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாக உண்டு.

சுனாமிக்கு முன்னும் பின்னும் பார்க்கலாமா?

ஆசைக்குரிய தலைப்புத்தான், கிடைக்கும் படங்கள் அதற்குத் துணை நிற்பதில்லை. லாண்ட்சாட் 7இன் ஒரு பகுதி 2003 மே மாத இறுதியில் பழுதாகியதால் அதற்குப் பிந்திய படங்களில் வெற்றுக் கோடுகள் ஓடும். 2004 டிசம்பர் 26 வாடைக்காலத்துக்கு நடுவே வருகிறது, நீர் கலங்கல். 30 மீற்றர் பிக்சலில் கல் உடைந்ததைக் காண்பதும் அரிது. கரைக்கோடு மாறியதைப் பார்க்கலாம். கடலடியைப் பற்றிய உறுதியான முடிவுக்கு இவை போதா.

நான் அம்பாறைப் பக்கம். எங்கள் கரையில் அலையும் மணலும்தான். என்ன செய்வது?

அக்கரைப்பற்று, திருக்கோவில் கரையில் நின்று கடற்புல் வரைபடம் போட முயலாதீர்கள். அலை உடையும் இடத்தில் இந்த முறைகள் எதுவும் நிற்காது. பொத்துவில், கோமாரி, பாணமைப் பக்கக் களப்புகளின் நீர்ப்பரப்பு, அவற்றின் வாய் திறந்து மூடும் காலம், ஓரக் கண்டல்கள் ஆகியவை நல்ல தலைப்புகள். ஒலுவில் துறைமுகத்தின் இரு பக்கமும் கரைக்கோடு மாறிய விதமும் அப்படியே. கரைக்கோட்டை எல்லைகாண அகச்சிவப்புப் பட்டை மிகப் பொருத்தமானது. கடலடிக்கு அதைப் பயன்படாததாக்கிய அதே காரணம் இங்கே அதை வலிமையாக்குகிறது.

உலகம் முழுவதற்கும் முருகைக்கல் வரைபடம் ஏற்கெனவே இருக்கிறதாமே. நான் எதற்குப் புதிதாகச் செய்ய வேண்டும்?

அலன் கோரல் அட்லஸ் 2021இல் உலகளாவிய வரைபடத்தை நிறைவு செய்தது. யாரும் பார்க்கலாம், தரவிறக்கலாம். முதல் வாரத்திலேயே அதைத் திறந்து உங்கள் இடத்தைப் பாருங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே முறையில் செய்யப்பட்டது என்பதால் நமது சிறிய விரிகுடாக்களில் அது எவ்வளவு சரி என்பதை இங்குள்ளவர்தான் சோதிக்க வேண்டும். நேர்மையான நூறு களப்புள்ளிகளை எடுத்து அந்த வரைபடத்தைச் சரிபார்ப்பதே முழுமையான ஓர் இளமாணி ஆய்வு. புதிய வழிமுறை ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட அது கரைக்கு அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வேடு கொடுத்த பிறகு தரவை என்ன செய்வது?

வரைபடத்தின் படத்தை மட்டும் விட்டுச்செல்லாதீர்கள். ஒவ்வொரு களப்புள்ளிக்கும் திகதி, நேரம், ஆள்கூறு, ஆழம், சட்டத்தின் ஒளிப்படம், பார்த்தவர் எழுதிய வகுப்பு ஆகியவற்றை ஓர் அட்டவணையாக்கி, எந்தச் செய்மதிப் படம், எந்தத் திருத்தம் என்பதையும் சேர்த்துத் துறையில் ஒப்படையுங்கள். அடுத்த அணி அதே புள்ளிகளுக்குத் திரும்பிச் சென்றால், 2017, 2024 படங்களைப் பற்றிய கேள்வியில் முடியாமற்போன ஒப்பீடு அப்போதுதான் முடியும். படகு தந்த மீனவர் சங்கத்துக்கும் தமிழில் அச்சிட்ட வரைபடம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் கல்லின் பெயர்களை அதில் எழுதித் தந்தால் அதையும் தரவில் சேருங்கள்.